உணர்ச்சிகளை எண்ணால் அளந்தவர்: சர் சிரில் பர்ட்

முன்னுரை

சினத்தின் வேகத்தில் ஒருவன் செய்த செயலை எண்ணி, சினம் தணிந்தபின் அவனே நாணுகிறான். அச்சத்தால் ஒருவன் அறிந்த உண்மையை மறைக்கிறான். அன்பினால் ஒருவன் தன் நலம் மறந்து பிறர்க்கு உதவ முந்துகிறான். மனித நடத்தையை அறிவு ஒன்றே ஆள்வதில்லை என்பதும், உணர்ச்சிகள் அதனைப் பல திசைகளில் இழுக்கின்றன என்பதும் யாவரும் அறிந்தவை. தமிழிலக்கண மரபு இதனைத் தொன்றுதொட்டே உணர்ந்திருந்தது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் எனத் தனியோர் இயலே வகுத்து, அழுகை, அச்சம், வெகுளி, உவகை, நகை, மருட்கை, இளிவரல், பெருமிதம் என்னும் எட்டனையும் அவை தோன்றும் நிலைக்களன்களோடு விளக்கியுள்ளார்.

உணர்ச்சிகளைப் பெயரிட்டு வகைப்படுத்துவது ஒரு நிலை. அவற்றுள் எவை எவற்றோடு சேர்ந்து வருகின்றன, எவை எவற்றை விலக்குகின்றன, பலவாகத் தோன்றுவனவற்றின் அடியில் மறைந்து நிற்பவை எத்தனை என எண்ணால் ஆராய்வது மற்றொரு நிலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இரண்டாம் நிலைக்கு வழிகோலியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்து நாட்டு உளவியலறிஞர் சர் சிரில் பர்ட். வாழுங்காலத்தில் பெரும்புகழ் பெற்ற அவர், மறைந்தபின் பெரும்பழிக்கும் ஆளானார். அவருடைய வாழ்வு ஆய்வுலகில் அடியெடுத்து வைக்கும் மாணவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

இளமையும் கல்வியும்

சிரில் பர்ட் 1883ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். பர்ட் சிறுவராக இருந்தபோதே குடும்பம் வார்விக்ஷயர் மாவட்டத்தில் உள்ள சினிட்டர்ஃபீல்டு என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அவ்வட்டாரத்தில் வாழ்ந்த கால்டன் குடும்பத்தார்க்குத் தந்தையார் மருத்துவம் பார்த்துவந்தார். மனிதப் பண்புகளை அளந்து எண்ணில் எழுத முடியும் என்று காட்டிய சர் பிரான்சிஸ் கால்டன் அக்குடும்பத்தைச் சேர்ந்தவரே. அவரைச் சிறுவயதிலேயே நேரில் காணும் வாய்ப்பு பர்ட்டுக்குக் கிட்டியது. அளக்கும் ஆர்வமும், திறமை பிறப்பிலேயே அமைவது என்னும் நம்பிக்கையும் அவருள் இளமையிலேயே ஒருங்கே ஊன்றப்பட்டன எனலாம்.

பின்னர் இலண்டனில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் பழம்பள்ளியில் பயின்று, 1902இல் ஆக்ஸ்போர்டில் இயேசு கல்லூரியில் சேர்ந்தார். கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைப் பயிலச் சென்ற அவரை, அங்கிருந்த பேராசிரியர் வில்லியம் மெக்டூகல் உளவியலின்பால் ஈர்த்தார். மெக்டூகலின் கொள்கை நம் பொருளுக்கு இன்றியமையாதது. மனித நடத்தைக்கு ஊற்றுக்கண்ணாக இருப்பவை இயல்பூக்கங்கள் என்றும், ஒவ்வோர் இயல்பூக்கத்தின் நடுவிலும் ஓர் அடிப்படை உணர்ச்சி உறைகிறது என்றும் அவர் கருதினார். ஓடி ஒளியும் ஊக்கத்தின் உள்ளே அச்சமும், போரிடும் ஊக்கத்தின் உள்ளே சினமும், மகவைப் பேணும் ஊக்கத்தின் உள்ளே பரிவும் இருப்பதாக அவர் விளக்கினார். 1908இல் வெளிவந்த அவருடைய சமூக உளவியல் நூல் இக்கருத்தைப் பரப்பியது.

அதே 1908ஆம் ஆண்டில் பர்ட் ஜெர்மனி நாட்டு வூர்ட்ஸ்பர்க் நகரில் கூல்பே என்னும் அறிஞரிடம் சிலகாலம் பயின்றார். பின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஷெரிங்டனின் உடலியங்கியல் துறையில் விரிவுரையாளரானார். ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் பல்கலைக்கழகத்தார் நடத்திய தொண்டு இல்லத்தில் தங்கியதால், வறுமையையும் அதனிடையே வளரும் குழந்தைகளையும் அண்மையிலிருந்து கண்டார்.

காரணிப் பகுப்பாய்வு என்னும் கருவி

1904ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்பியர்மன் என்னும் அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். படைப்பணியை விட்டு உளவியலுக்கு வந்தவர் அவர். மாணவர் ஒருவர் ஒரு பாடத்தில் சிறந்தால் மற்றப் பாடங்களிலும் ஓரளவு சிறப்பதை எண்களால் காட்டி, இவ்வொற்றுமைக்கு அடியில் பொதுத்திறன் என்னும் ஒரு காரணி உள்ளது என்று அவர் நிறுவ முயன்றார். காரணிப் பகுப்பாய்வு அக்கட்டுரையில் தோன்றியது.

இம்முறையைக் கணக்கறியாதாரும் உணரலாம். இரு பண்புகள் சேர்ந்து கூடிக் குறைவதை ஒட்டுறவுக் கெழு என்னும் எண்ணால் குறிப்பர். ஒன்று மிகும்போது மற்றதும் அதே சீரில் மிகுமானால் அவ்வெண் 1 ஆகும். ஒன்று மிக மற்றது அதே சீரில் குறைந்தால் அது -1 ஆகும். இரண்டும் தொடர்பின்றி நின்றால் 0 ஆகும். பல பண்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இணைக்கும் இவ்வெண்ணைக் கண்டு அட்டவணையாக எழுதுவர். அந்த அட்டவணை முழுவதையும் விளக்கப் போதுமான மிகச் சில அடிப்படைகள் யாவை என்று தேடுவதே காரணிப் பகுப்பாய்வு. ஒரே மரத்தின் பல கிளைகள் ஒரே காற்றில் சேர்ந்து அசைவதைக் கண்டு, கண்ணுக்குப் புலப்படாத காற்றின் திசையை அறிவது போன்றது இது.

ஸ்பியர்மன் இக்கருவியை அறிவுத்திறனை ஆராயப் பயன்படுத்தினார். பர்ட்டும் 1909இல் நுண்ணறிவுச் சோதனைகளைப் பற்றிய தம் முதல் பெருங்கட்டுரையை வெளியிட்டார். எனினும் அவர் அவ்வெல்லையில் நிற்கவில்லை. அறிவை அளந்த கருவியால் உணர்ச்சியையும் அளக்கலாகாதா என்னும் வினா அவருள் எழுந்தது.

பதினோர் உணர்ச்சிகள்

பர்ட் 1913இல் இலண்டன் மாநகர மன்றத்தின் உளவியலாளராக அமர்த்தப்பட்டார். பள்ளிக் குழந்தைகளுக்கென அரசுசார் அமைப்பொன்றில் உளவியலாளர் பதவி ஏற்றவர் பிரிட்டனில் அவரே முதல்வர். ஆயிரக்கணக்கான குழந்தைகளின் உள்ளத்தை ஆராயும் வாய்ப்பு அதனால் அவருக்குக் கிட்டியது. 1915ஆம் ஆண்டில், அடிப்படை உணர்ச்சிகளின் கீழ் உள்ள பொதுக் காரணியையும் சிறப்புக் காரணிகளையும் பற்றிய தம் ஆய்வை அவர் பிரிட்டானிய அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். உணர்ச்சிகளைக் காரணிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்திய முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று.

மெக்டூகலின் பட்டியலை அடியொற்றி, கூடிவாழும் விருப்பம், துயரம், பரிவு, மகிழ்ச்சி, வியப்பு, பெருமிதம், அருவருப்பு, சினம், பாலுணர்வு, அச்சம், பணிவு என்னும் 11 இயல்புகளை அவர் எடுத்துக்கொண்டார். தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளுள் பெரும்பாலானவை இப்பட்டியலிலும் இடம்பெறுவது நோக்கத்தக்கது. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. மனித இயல்பு எங்கும் ஒன்றாயிருத்தலே இவ்வொப்புமைக்குக் காரணம் எனலாம். 9 முதல் 12 வயது வரையுள்ள 172 பள்ளிக் குழந்தைகளிடம் இவ்வியல்புகள் எந்தெந்த அளவில் அமைந்துள்ளன என்பதற்கான மதிப்பீடுகளைக் கொண்டு, அவர் ஒட்டுறவு அட்டவணையை அமைத்தார். 11 இயல்புகளுக்கு 55 இணைகள் உண்டு. கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இவை யாவும் கையால் கணக்கிடப்பட்டவை என்பதை இக்கால மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவர் கண்ட முடிவுகளைச் சுருங்கக் கூறலாம். முதலாவது, எல்லா உணர்ச்சிகளுக்கும் பொதுவான ஒரு காரணி உண்டு. ஓர் உணர்ச்சியில் எளிதாகக் கொந்தளிக்கும் குழந்தை மற்ற உணர்ச்சிகளிலும் எளிதாகக் கொந்தளிக்கிறது. இதனைப் பொது மனவெழுச்சி எனலாம். இதனை நீக்கியபின் எஞ்சுவனவற்றுள் இரண்டு எதிர்முனைப் பிரிவுகள் புலனாகின்றன. சினமும் பெருமிதமும் போல வெளிநோக்கிப் பாயும் உணர்ச்சிகள் ஒருபுறமும், அச்சமும் பணிவும் போல உள்நோக்கி ஒடுங்கும் உணர்ச்சிகள் மறுபுறமும் நிற்பது ஒரு பிரிவு. மகிழ்ச்சி போன்ற இன்ப உணர்ச்சிகளும் துயரம் போன்ற துன்ப உணர்ச்சிகளும் எதிரெதிர் நிற்பது மற்றொரு பிரிவு. 1939 வரையிலும் பர்ட் இப்பொருளுக்கு மீண்டும் மீண்டும் திரும்பி, இம்முடிவுகளைச் செப்பம் செய்தார்.

இதன் பயன் யாது? ஒரு குழந்தையின் முரட்டுத்தனமும் மற்றொரு குழந்தையின் ஊமைத்தனமும் முற்றிலும் வேறான இரு குறைகள் அல்ல. மிகுந்த மனவெழுச்சி என்னும் ஒரே நிலை இருவேறு திசைகளில் வெளிப்பட்டமையே ஆகலாம் என்பதை இவ்வாய்வு உணர்த்தியது. வகுப்பறையில் அடங்காத பிள்ளையைக் காணும் ஆசிரியர், மூலையில் ஒடுங்கியிருக்கும் பிள்ளையையும் அதே கவலையோடு காண வேண்டும் என்னும் பாடம் இதில் உள்ளது.

நெறி பிறழ்ந்த சிறார்

1925இல் பர்ட் எழுதிய இளங்குற்றவாளிகள் பற்றிய நூல் வெளிவந்தது. ஏழரை வயதே ஆன, கொலைக்கும் காரணமான ஒரு சிறுவனின் கதையோடு அந்நூல் தொடங்குகிறது. குற்றம் செய்யும் சிறுவன் பிறவியிலேயே கொடியவன் என்று கருதியோர் பலராக இருந்த காலம் அது. பர்ட் குற்றம் புரிந்த சிறாரையும், அதே சூழலில் வாழ்ந்தும் குற்றம் புரியாத சிறாரையும் ஒப்பிட்டார். ஒரு குற்றத்திற்கு ஒரே காரணம் இருப்பதில்லை என்றும், பல காரணங்கள் ஒருங்கு திரண்டே சிறுவனை வழிதவறச் செய்கின்றன என்றும் அவர் கண்டார். வீட்டில் முறையான ஒழுங்குப் பயிற்சி இன்மையும், நிலையற்ற மனவெழுச்சியும் அக்காரணங்களுள் முன்னிடம் பெற்றன. வறுமை ஒன்றே குற்றவாளியை ஆக்குவதில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். தண்டனைக்கு முன் ஆராய்ச்சி தேவை என்னும் எண்ணம் பரவ இந்நூல் பெரிதும் உதவியது. 1937இல் கல்வியில் பின்தங்கிய குழந்தையைப் பற்றி எழுதிய நூலும் ஆசிரியர்களிடையே நன்மதிப்புப் பெற்றது.

புகழின் உச்சி

ஸ்பியர்மன் ஓய்வு பெற்றபோது, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் வகித்த பேராசிரியர் பதவி 1932இல் பர்ட்டை அடைந்தது. 1951 வரை அவர் அப்பதவியில் இருந்தார். 1940இல் மனத்தின் காரணிகள் என்னும் பொருளில் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் முதன்மை நூல்களுள் ஒன்று. கணக்கின்வழிக் கிடைக்கும் காரணி மூளைக்குள் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் பொருள் அன்று. அது நாம் வகைப்படுத்துவதற்குத் துணைபுரியும் தலைப்பே என்று அந்நூலில் அவர் அறிவுறுத்தினார். இன்றும் மறத்தற்கரிய எச்சரிக்கை இது. ஆயினும் நுண்ணறிவைப் பற்றிப் பேசும்போது, பிறவியிலேயே அளந்து தரப்பட்ட ஒரு பொருளாகவே அவர் அதனைக் கருதினார். தாம் விதித்த எச்சரிக்கையைத் தாமே மீறினார் என்று பிற்காலத் திறனாய்வாளர் குறை கூறினர்.

1946இல் அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. உளவியல் பணிக்காக அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. பிரிட்டனின் கல்விக் குழுக்கள் பல அவருடைய கருத்தை நாடின. பதினோரு வயதில் தேர்வு வைத்துக் குழந்தைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்தனுப்பும் முறைக்கு, நுண்ணறிவு பெரும்பாலும் பிறப்பில் அமைவது என்னும் கொள்கை துணைநின்றது. அவ்வகையில் அவர் எழுதிய எண்கள் ஏட்டில் மட்டும் தங்கவில்லை; குழந்தைகளின் எதிர்காலத்தைத் தொட்டன. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், தம் 88ஆம் வயதில் பர்ட் காலமானார்.

ஐயத்தின் நிழல்

பர்ட்டின் கொள்கைக்கு வலுவான சான்றாக விளங்கியது, பிறந்தது முதல் பிரிந்து வளர்ந்த ஒரு கரு இரட்டையரைப் பற்றிய ஆய்வாகும். வெவ்வேறு இல்லங்களில் வளர்ந்தும் இருவர் நுண்ணறிவும் ஒத்திருந்தால் அது மரபின் விளைவு என்பது வாதம். 1955இல் 21 இணைகளைக் கொண்டு அவர் காட்டிய ஒட்டுறவுக் கெழு 0.771. 1966இல் இணைகள் 53 ஆயின. கெழு அதே 0.771. புதிய இணைகள் சேரும்போது மூன்றாம் பதின்ம இடம் வரை எண் மாறாதிருத்தல் இயல்புக்கு ஒவ்வாதது. அமெரிக்க உளவியலறிஞர் லியோன் காமின் 1974இல் தம் நூலில் இதனைச் சுட்டிக்காட்டினார். 1976 அக்டோபரில் இலண்டன் சண்டே டைம்ஸ் இதழில் ஆலிவர் கில்லி என்னும் செய்தியாளர், பர்ட்டின் துணையாய்வாளர்களாகக் குறிக்கப்பெற்ற மார்கரெட் ஹோவர்ட், ஜேன் கான்வே ஆகிய இருவரையும் தேடியும் காணவில்லை என எழுதினார். பர்ட் ஆசிரியராக இருந்த இதழில் அவ்விருவர் பெயரிலும் கட்டுரைகள் வந்திருந்தன.

பர்ட்டின் தமக்கையல்லர், தங்கையார் மரியன் பர்ட், தம் தமையனாரின் வரலாற்றை எழுதுமாறு லெஸ்லி ஹெர்ன்ஷா என்னும் பேராசிரியரை முன்னரே வேண்டியிருந்தார். ஹெர்ன்ஷா பர்ட்டின் நினைவுக் கூட்டத்தில் புகழுரை ஆற்றியவர். அவரைப் பெரிதும் மதித்தவர். நாட்குறிப்புகளையும் மடல்களையும் ஆராய ஆராய அவருடைய நம்பிக்கை தளர்ந்தது. ஓய்வுக்குப்பின் இரட்டையர்களைச் சோதித்ததற்கான தடயம் நாட்குறிப்புகளில் கிடைக்கவில்லை. 1979இல் வெளியான வரலாற்று நூலில், பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் பர்ட் தரவுகளைப் புனைந்தார் என்றே அவர் முடிவு கூறினார். ஸ்பியர்மன் 1945இல் மறைந்தபின், காரணிப் பகுப்பாய்வின் தோற்ற வரலாற்றையே தமக்குச் சார்பாகப் பர்ட் மாற்றி எழுதினார் என்பதும் அந்நூல் சாட்டும் குற்றங்களுள் ஒன்று. நண்பராகத் தொடங்கி நடுவராக முடித்த ஹெர்ன்ஷாவின் நேர்மை போற்றத்தக்கது.

மறுபக்கத்தையும் கூறுதல் நடுநிலைமையாகும். ராபர்ட் ஜாய்ன்சன் 1989இலும், ரொனால்டு பிளெட்சர் 1991இலும் வெளியிட்ட நூல்களில், குற்றச்சாட்டுகள் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என வாதிட்டனர். பர்ட் மறைந்தவுடன் அவருடைய தாள்கள் பல எரிக்கப்பட்டுவிட்டதால் இருதரப்புச் சான்றுகளும் அழிந்திருக்கக் கூடும். 1980இல் ஹெர்ன்ஷாவின் முடிவை ஏற்ற பிரிட்டானிய உளவியல் கழகம், 1992இல் அந்நிலையைக் கைவிட்டு, இவ்வழக்கில் தனக்கென ஒரு தீர்ப்பு இல்லையெனக் கூறியது. 1990இல் அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வாளர் வெளியிட்ட இரட்டையர் ஆய்விலும் பர்ட்டின் எண்ணுக்கு அணித்தான எண்களே கிடைத்தன. ஆயினும் ஒருவர் சொன்ன விடை பிற்காலத்தில் சரியாக அமைவது, அவர் காட்டிய கணக்கை உண்மையாக்கிவிடாது.

அட்டவணையில் ஓர் எண்

இக்குற்றச்சாட்டுகள் பர்ட்டின் பிற்கால எழுத்துகளைப் பற்றியவை. 1915இன் உணர்ச்சி ஆய்வு இவற்றுக்கு உட்பட்டதன்று. அந்த அட்டவணை காரணிப் பகுப்பாய்வைக் கற்பிக்கும் நூல்களில் எடுத்துக்காட்டாக இடம்பெற்று வந்துள்ளது. பிற்காலத்தார் அதனைக் கணிப்பொறியில் இட்டபோது ஒரு விந்தை வெளிப்பட்டது. அட்டவணையில் உள்ள எண்கள் அனைத்தும் ஒருசேர மெய்யாக இருத்தல் இயலாது. மூன்று ஊர்களுள் முதலூரிலிருந்து இரண்டாம் ஊரும், இரண்டாம் ஊரிலிருந்து மூன்றாம் ஊரும் அருகில் இருக்குமானால், முதலூரும் மூன்றாம் ஊரும் மிகத் தொலைவில் இருத்தல் கூடாதன்றோ? அதுபோல ஒட்டுறவு எண்களும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவன. துயரத்திற்கும் பரிவுக்கும் இடையே குறிக்கப்பட்ட 0.87 என்பதை 0.81 எனத் திருத்தினால் அட்டவணை முழுவதும் பொருந்தி வருகிறது. இது கைப்பிழையாகவோ அச்சுப்பிழையாகவோ இருக்கலாம். வஞ்சகம் என்பார் இலர்.

இங்கு ஒரு வேறுபாடு உன்னத்தக்கது. 1915இல் பர்ட் தம் அட்டவணையை முழுமையாக வெளியிட்டார். ஆகவே அதிலிருந்த பிழையைப் பல்லாண்டுகள் கழித்தும் ஒருவர் கண்டு திருத்த முடிந்தது. ஆய்வின் மதிப்பு குன்றவில்லை. இரட்டையர் ஆய்விலோ முடிவெண் மட்டுமே வெளிவந்தது. அதற்கு அடிப்படையான குறிப்புகளை எவரும் காண இயலவில்லை. ஆகவே அங்கு எழுந்த ஐயத்தைத் தீர்க்கவும் இயலவில்லை. மறைக்கப்படாத பிழை திருந்துகிறது. காட்டப்படாத மெய்யும் பொய்யெனவே ஐயுறப்படுகிறது.

முடிவுரை

பர்ட் தொடங்கிய பணி அவரோடு மறையவில்லை. அவருடைய மாணவர் ஹான்ஸ் ஐசெங்க் 1947இல் வெளியிட்ட நூலில் ஆளுமையை உணர்ச்சி நிலையாமை, புறமுகம் - அகமுகம் என்னும் இரு அடிப்படைகளில் விளக்கினார். ரேமண்ட் காட்டல் பதினாறு காரணிகளைக் கண்டார். ஆளுமையை ஐந்து காரணிகளாக வகுக்கும் கொள்கை பின்னர்ப் பெருவழக்காயிற்று. அவ்வைந்தனுள்ளும் உணர்ச்சி நிலையாமை ஒன்றாக நிற்பது, 1915இல் இலண்டன் குழந்தைகளிடம் பர்ட் கண்ட பொது மனவெழுச்சியை நினைவூட்டுகிறது.

பர்ட்டின் இறுதிக் காலத்தைப் பற்றி ஹெர்ன்ஷா கூறும் காரணங்கள் நம் பொருளுக்கு மிக அணுக்கமானவை. காதையும் தலையையும் தாக்கிய நோய், முறிந்த இல்லறம், போரில் இழந்த தாள்கள், கைநழுவிய செல்வாக்கு ஆகியன அவர் உள்ளத்தைத் திரித்தன என்பது அவர் கருத்து. அது மெய்யாயின், உணர்ச்சிகள் நடத்தையை எவ்வாறு ஆள்கின்றன என்று ஆராய்ந்தவரின் நடத்தையையே உணர்ச்சிகள் ஆண்டன என்று கொள்ள வேண்டும். அவருடைய பட்டியலில் பெருமிதமும் அச்சமும் இருந்தன. பட்டியலிட்டதனால் அவற்றிலிருந்து அவர் விடுபட்டுவிடவில்லை. எந்த ஆய்வாளரும் விடுபட்டவர் அல்லர்.

அதனாலேயே ஆய்வுலகம் தனிமனிதரின் பெருமையை நம்பி நிற்றல் கூடாது. திரட்டிய தரவைப் பேணி வைத்தலும், துணைநின்றோரை வெளிப்படக் கூறலும், கேட்போர்க்குக் கணக்கைத் திறந்து காட்டலும் ஆய்வு நெறியின் அடிப்படைகள். முதுகலை ஆய்வேடுகளில் அட்டவணை வரையும் மாணவர்கள், வினாப்படிவக் கட்டுகளைப் பட்டம் கிடைத்த மறுநாளே பழைய தாள் விலைக்குப் போடாமல் காத்து வைத்தல் வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு மனிதர் விடை சொல்லியிருக்கிறார். அவர் நம்மை நம்பி ஒப்படைத்த அடைக்கலப்பொருள் அது.